தாமான் சக்கெரா, ஜாலான் மூன்று

மாதம் ஒருமுறை இந்த வீடுகளுக்கு முன்னால்
நான் குந்துகிறேன்.
மீட்டர் மூடியைத் தூக்கினால் பல்லி, சில நாள் தேள்,
அதற்கடியில் எண்கள்.
எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது என்று
எழுதிக்கொண்டு போவது என் வேலை.

பஸ்காரன் 'சக்கெரா' என்று கத்துகிறான்.
மலாயில் அது வட்டத்தட்டு.
வீடு கட்டினவன் பழைய வரைபடத்தில் பார்த்து வைத்த பெயர்;
வரைபடக்காரன் யாரோ தமிழன் வாயில் கேட்டு
எழுதியது: சக்கரத் தோட்டம்.
துரை வைத்த பெயர் வேறு, அவன் அம்மா பிறந்த ஊர்.
சொன்னால் நாக்கு சுளுக்கும் என்று
நம் ஆட்கள் கண்ணெதிரே சுற்றியதை வைத்துக் கூப்பிட்டார்கள்.

பதினாலடி இரும்பு.
கிள்ளானில் இறங்கி, பாதி வழி ரயில், மீதி மாட்டுவண்டி.
அதைச் சுற்றவைக்க ஆற்றிலிருந்து முக்கால் மைல் கால்வாய்.
கோயில் அறையில் கரையான் மிச்சம் வைத்த செக்ரோலில்
வெட்டியவர்கள் மார்ச்சில் முப்பத்தெட்டுப் பேர்,
ஜூனில் இருபத்தொன்பது.
நடுவில் விழுந்த ஒன்பதுக்கு
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

சக்கரம் சுற்ற, ஸ்டோரில் உருளைகள் சுற்றின.
உறைந்த பால் தட்டையாகி, சீட்டாகி வெளியே வந்தது.
உருளைக்கு ஊட்டிவிடுகிற வேலை வெள்ளைத்தாய்க்கு.
ஒரு வியாழக்கிழமை கையும் சீட்டோடு போனது.
கத்தினாள்.
எல்லாரும் கத்தினார்கள்.
தண்ணீருக்குக் காது கிடையாது.
மதகுக்கு ஓடவேண்டும், எண்பத்தாறு எட்டு.
பலகையை இறக்கவேண்டும்.
இறக்கின பிறகும் கால்வாயில் மிச்சமிருந்த தண்ணீர்
தன் வேலையை முடித்துவிட்டுத்தான் நின்றது.

மூன்று விரல். ஆறு வெள்ளி.
அதில் ஒரு வெள்ளிக்குக் கயிறும் மணியும் வாங்கி
உருளையிலிருந்து மதகுவரை கட்டினாளாம்,
ஒரு முனை மதகுக்காரன் சன்னாசியின் காலில்.
இனி எவள் கை போனாலும்
முதலில் அவன் கால் இழுபடும்.

ஜப்பான்காரன் காலத்தில் பால் வாங்க ஆளில்லை.
சன்னாசியைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள், தண்டவாளம் போட.
உருளையைக் கழற்றி, ஆணி குத்திய தகரம் சுற்றிய கட்டையை மாட்டி
சக்கரம் மரவள்ளி துருவியது,
பகலில் அவர்களுக்கு.
இரவில் பெண்கள் மதகை ஒரு சாண் மட்டும் திறந்து
கிரீச்சிடாத வேகத்தில் தங்களுக்குத் துருவினார்கள்.
மணியின் நாக்கில் துணி சுற்றியிருந்தது.

இதைச் சொன்னவர்கள் இரண்டு பேர்.
ஒருவருக்கு அது பித்தளை மணி.
மற்றவருக்கு மணியே இல்லை, கல் போட்ட பால் வாளி.
இரண்டையும் குறித்துக்கொண்டேன்.
கேட் பூட்டியிருந்தால்
நாங்கள் உத்தேச ரீடிங் எழுதுவதில்லையா.

பிறகு டீசல் இஞ்சின். பிறகு வெள்ளம், அணை போனது.
ஆ லெக் லோரியோடு வந்து, கேஸ் வைத்து அறுத்து,
நாலு நடையில் எடைக்கு எடுத்துப்போனான்.
அச்சு மட்டும் அசையவில்லை.
இருபத்தேழாம் நம்பர் வீட்டுக் கார் ஷெட்டில்
சிமெண்டு வருடா வருடம் வெடிக்கிறது.

இன்று அந்த இருபத்தேழில்தான் பில் தகராறு.
'இரண்டு வாரம் தைப்பிங்கில் மகள் வீட்டில் இருந்தேன்,
யார் குளித்தது?' என்கிறார் புவான் ரொஸ்னா.
எல்லாக் குழாயையும் மூடச் சொன்னேன்.
இருவரும் குனிந்தோம்.

கண்ணாடிக்குக் கீழே சுண்டுவிரல் நகத்தளவு
சிவப்பாய் ஒரு சக்கரம்.
நின்றிருக்க வேண்டும்.
சுற்றிக்கொண்டிருந்தது,
சத்தமில்லாமல், மெதுவாக,
எங்கேயோ மண்ணுக்கடியில், யாருக்கோ.

'பொச்சோர்' என்றேன்.
வாயில் கை வைத்துக்கொண்டார்.
மெயின் வால்வு வேலியோரம்.
பதினோரு எட்டு.
எண்ணிக்கொண்டுதான் போனேன்.